டிசம்பரில் வாங்கிய கிறிஸ்துமஸ் மரம் கத்திரி வெயிலைத் தாண்டுவதற்கு

டிசம்பர் முதல் வாரத்தில் புதுச்சேரியிலோ கடலூரிலோ எந்த நர்சரிக்குப் போனாலும், அடுக்கடுக்காகக் கிளை விரித்த இரண்டடி உயரப் பச்சைக் கன்றுகள் வாசலிலேயே வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். கிறிஸ்துமஸ் மரம் என்று கேட்டால் அதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். சற்று விவரம் தெரிந்த கடைக்காரர் அரோகேரியா என்பார். குடில் கட்டும் வீடுகள் மட்டுமல்லாமல், பண்டிகையோடு தொடர்பில்லாத வீடுகளும் அதன் வடிவழகுக்காகவே வாங்கிச் செல்கின்றன. அப்படி வாங்கிய கன்றுகளில் பல, அடுத்த மே மாதக் கடைசியில் பழுப்பேறிய குச்சியாக மொட்டைமாடி மூலையில் சாய்ந்து கிடப்பதை எங்கள் தெருவிலேயே ஆண்டுதோறும் பார்த்து வருகிறேன். என்னுடைய முதல் கன்று எப்படியோ கத்திரி வெயிலைத் தாண்டிவிட்டது. ஆனால் 2015 நவம்பர் மழையில் போய்விட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் வாங்கிய இரண்டாவது கன்று, புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் இன்றும் நிற்கிறது. இன்னும் ஆறடியை முழுதாக எட்டவில்லை.

இந்த மரத்தை வளர்ப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அது இழந்த உறுப்பைத் திரும்ப வளர்த்துக்கொள்ளாது என்பதுதான். செம்பருத்தியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டாலும் சில வாரங்களில் துளிர்த்துக்கொள்ளும். வேம்பை மொட்டையடித்தாலும் மீண்டும் தழைத்துவிடும். அரோகேரியாவின் கீழடுக்கில் ஒரு கிளை காய்ந்து விழுந்தால் அந்த இடம் கடைசிவரை வெறுமையாகவே இருக்கும். உச்சியில் உள்ள நுனிக்குருத்து ஒடிந்தால், பக்கத்திலிருந்து ஏதேனும் துளிர் கிளம்பினாலும் பழைய கோபுர வடிவம் திரும்ப வராது. ஆகவே கெட்டுப்போன பிறகு செய்யும் வைத்தியத்துக்கு இந்த மரத்திடம் அதிகம் இடமில்லை. கீழே எழுதியிருப்பதெல்லாம், இருக்கிற கிளைகளை உதிரவிடாமல் வைத்திருப்பது எப்படி என்பதைப் பற்றியதே.

மரத்தின் சொந்த ஊரும் நம் ஊரும்

இதன் முழுப் பெயர் அரோகேரியா ஹெட்டரோஃபில்லா. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, பசிபிக் பெருங்கடலில், ஏறத்தாழ 35 சதுர கிலோமீட்டர் மட்டுமே பரப்புள்ள நார்ஃபோக் தீவு இதன் தாயகம். அந்தத் தீவின் கொடியிலேயே இந்த மரம்தான் இருக்கிறது. 1774-இல் அங்கே கப்பலில் சென்ற ஜேம்ஸ் குக், நெட்டுக்குத்தாக ஓங்கி நின்ற இம்மரங்களைப் பார்த்துவிட்டுப் பாய்மரத் தண்டுகளுக்கு ஆகும் என்று கருதினார். பின்னர் வெட்டிப் பார்த்தபோது கட்டை அதற்குத் தேவையான உறுதியுடன் இல்லை என்று தெரிந்தது. அந்த மண்ணில் இது 50 மீட்டருக்கு மேல் வளரக்கூடிய மரம். நம் வீட்டுத் தொட்டியில் ஆண்டுக்கு ஐந்தாறு அங்குலம் ஏறினால் நன்றாக வளர்வதாகவே கொள்ளலாம்.

அந்தத் தீவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,300 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. புதுச்சேரியிலும் ஏறக்குறைய அதே அளவுதான் பெய்கிறது என்பதைப் பார்த்தால் இரண்டு ஊர்களும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் அங்கே மழை ஆண்டு முழுவதும் பரவலாகப் பெய்கிறது. இங்கே பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அங்கே வெயில் 30 டிகிரி செல்சியஸைத் தொடுவதே அரிது. இங்கே மே மாதத்தில் 40 டிகிரியைத் தொடுகிறது. கடற்காற்றும் அதிலுள்ள ஈரமும் உப்பும் மட்டும் இரண்டு ஊர்களுக்கும் பொது. ஆகையால் பெங்களூருவிலோ ஊட்டியிலோ வளர்ப்பவர்கள் கூறும் அறிவுரையை அப்படியே எடுத்துக்கொண்டால் நமக்குப் பாதிதான் பொருந்தும். நமக்கு இரண்டே கண்டங்கள்: கத்திரி வெயில், ஐப்பசி மழை.

நம் ஊரில் அரோகேரியா என்று விற்கப்படும் கன்றுகளில் ஒரு பகுதி, இதன் நெருங்கிய உறவான அரோகேரியா காலம்னாரிஸ் என்ற வகையாகவும் இருக்கும். அதன் தாயகம் நியூ கலிடோனியா. புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டுமானால், இன்றும் பிரான்சின் ஆட்சிக்கு உட்பட்ட தீவு. இளங்கன்றில் இரண்டையும் பிரித்தறிவது எளிதல்ல. பராமரிப்பும் ஒன்றுதான் என்பதால் அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. இந்த இரண்டாவது வகை உலகெங்கும் நிலநடுக்கோட்டின் பக்கமாகவே சாய்ந்து வளர்வதாக 2017-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதற்காக, வீட்டுக்குள் சாய்ந்து வளரும் கன்றுக்கு அந்த ஆய்வைக் காரணம் காட்ட முடியாது; அங்கே காரணம் சன்னல்தான்.

வாங்கும்போது

கன்றின் பசுமையை விட்டுவிட்டு முதலில் அதன் உச்சியைப் பார்க்க வேண்டும். நுனிக்குருத்து ஒடியாமல், காயாமல், ஒற்றையாக நேரே நிற்க வேண்டும். நான் இரண்டாவது கன்றை வாங்கியபோது ஒரு நர்சரிக்காரப் பெரியவர், "தம்பி, கீழ ஒரு கிளை பழுத்திருந்தாலும் பரவாயில்ல, தலை போனத மட்டும் வாங்கிடாதீங்க" என்றார். அதற்கு அடுத்தபடியாக, அடுக்குகளுக்கு இடையே உள்ள தூரத்தைப் பார்க்க வேண்டும். நல்ல வெளிச்சத்தில் வளர்ந்த கன்றில் அடுக்குகள் நெருக்கமாக இருக்கும். இருட்டில் நின்ற கன்று ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தைப் போல இடைவெளி விட்டு நீண்டிருக்கும். அந்த இடைவெளியை எந்த உரத்தாலும் பிறகு நிரப்ப முடியாது.

அடிமண்ணை விலக்கி எத்தனை தண்டுகள் இருக்கின்றன என்றும் பார்க்க வேண்டும். அடர்த்தியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஒரே தொட்டியில் மூன்று நான்கு நாற்றுகளைச் சேர்த்து நட்டிருப்பார்கள். முதலாண்டில் அது அழகாகத்தான் இருக்கும்; மூன்றாம் ஆண்டில் ஒன்றின் நிழலில் மற்றொன்று கிளைகளை உதிர்க்கத் தொடங்கும். ஒற்றைத் தண்டுள்ள கன்று மெலிந்து தெரிந்தாலும் அதையே தேர்ந்தெடுங்கள். கூட்டமாக நட்டதைத்தான் வாங்க நேர்ந்தது என்றால், இருப்பதில் திடமான ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றை மண்மட்டத்தில் கத்தரித்துவிடலாம். பிடுங்கினால் எல்லாவற்றின் வேரும் சேர்ந்து அறுபடும். வெள்ளிப் பொடியோ பச்சைச் சாயமோ தெளித்த கன்றை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம். இலை மூச்சுவிடுவதும் வெளிச்சம் பெறுவதும் அந்தப் பூச்சால் தடைபடும் என்பதோடு, உள்ளே ஏற்கெனவே பழுப்பேறியதை மறைக்கவும் அது உதவுகிறது.

வெளிச்சம்

வீட்டுக்குள் வளர்க்கும் செடி என்ற பெயரால் இந்த மரத்துக்கு நேர்ந்த தீங்கு கொஞ்சமல்ல. தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்து மூலை, மாடிப்படியின் அடிப்பகுதி, சாமி அறை வாசல் ஆகிய இடங்கள் நம் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரிந்தாலும் மரத்துக்கு இருட்டுதான். நண்பகலில் தொட்டி வைக்க நினைக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அதற்கு ஒரு சாண் மேலே கையை நீட்டிப் பாருங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரியும்படி நிழல் விழுந்தால் அந்த இடம் போதும்; மங்கலான கறையாக மட்டும் விழுந்தால் போதாது. காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் நேரடியாகவே மேலே படலாம். கிழக்குப் பார்த்த சன்னலிலிருந்து மூன்றடிக்குள் வைப்பதே நம் ஊருக்கு மிகப் பொருத்தம்.

கிழக்குச் சன்னல் வாய்க்காதவர்கள் சூரியனின் போக்கைக் கவனிக்க வேண்டும். புதுச்சேரியும் கடலூரும் ஏறத்தாழ 12 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், சித்திரை பத்து வாக்கில் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே வந்து, அதன் பிறகு ஆவணி தொடக்கம் வரை நண்பகலில்கூடச் சற்று வடக்கே சாய்ந்தே செல்கிறது. எனவே மற்ற மாதங்களில் நிழலாக இருக்கும் வடக்குச் சன்னலில், வெயில் கடுமையான அந்த மாதங்களில் நேர்வெயில் விழும். தெற்குச் சன்னலில் புரட்டாசி முதல் பங்குனி வரை விழும். எங்கள் வீட்டில் கிழக்குச் சன்னலை அண்டை வீட்டு மாடி மறைத்த பிறகு, தொட்டியைச் சித்திரையில் வடக்கிலும் புரட்டாசியில் தெற்கிலும் வைக்கிறோம். ஆண்டுக்கு இரண்டு முறைதான் இந்த இடமாற்றம். வாரத்துக்கு ஓரிடமாகத் தூக்கி அலைவது இதற்கு ஆகாது.

மேற்குச் சன்னலை மட்டும் சித்திரை, வைகாசியில் தவிர்க்க வேண்டும். மாலை மூன்று மணி வெயிலில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் கன்றின் ஊசி இலைகள் ஒரே வாரத்தில் வெந்தாற்போல் வெளிறிவிடும். இதே காரணத்தால், பச்சை வலைக்குக் கீழே வளர்ந்த புதுக்கன்றை வாங்கி வந்த அன்றே மொட்டைமாடியில் நிறுத்தக் கூடாது.

மரம் வெளிச்சத்தின் பக்கம் சாய்வது இயல்பு. அதைத் தடுக்க வாரத்துக்கு ஒருமுறை தொட்டியைக் கால் சுற்று திருப்ப வேண்டும். நான் தொட்டியின் விளிம்பில் நான்கு திசைக்கும் நான்கு சுண்ணாம்புப் புள்ளிகள் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுத்த புள்ளி சன்னலைப் பார்க்கும்படி திருப்புவது வழக்கம். இரண்டு மாதம் மறந்துவிட்டால் தண்டே வளைந்துவிடும். வளைந்த தண்டு முற்றிவிட்ட பிறகு நிமிராது.

தண்ணீர்

நம் பக்கத்தில் இம்மரம் சாவதற்குப் பெரும்பாலும் தண்ணீரே காரணம்: ஒன்று அளவு, மற்றொன்று தண்ணீரின் தன்மை.

அளவைப் பொறுத்தவரை, நாள்கணக்கு வைத்து ஊற்றுவது தவறு. ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். அந்த ஆழத்தில் மண் காய்ந்திருந்தால், அடித்துளை வழியாக வடியும்வரை தாராளமாக ஊற்ற வேண்டும். ஈரம் ஒட்டினால் அன்றைக்கு ஊற்றக் கூடாது. மேலாக நாள்தோறும் ஒரு தம்ளர் ஊற்றுவது, மேல்மண்ணைச் சேறாகவும் அடிவேரைக் காய்ந்ததாகவும் வைத்திருக்கும் வழி. எங்கள் வீட்டில் வைகாசியில் இரண்டு நாளைக்கு ஒருமுறையும், ஐப்பசி மழையில் பத்து நாளைக்கு ஒருமுறையும் தேவைப்படுகிறது. உங்கள் தொட்டியின் அளவுக்கும் வீட்டின் காற்றோட்டத்துக்கும் ஏற்ப இது மாறும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தேங்கும் தண்ணீரை அரை மணி நேரத்துக்குள் கொட்டிவிட வேண்டும். முதல் கன்றை நான் இழந்தது இந்தத் தட்டால்தான். 2015-இல் மழை விடாமல் பெய்த அந்த வாரங்களில், வராந்தாவில் இருந்த தொட்டியின் தட்டு நிரம்பியே நின்றதை யாரும் கவனிக்கவில்லை. கிளைகள் தொங்கத் தொடங்கியபோது வாடுவதாக நினைத்து மேலும் தண்ணீர் ஊற்றினோம். தொட்டியைக் கவிழ்த்தபோது வேர் கறுத்துக் குழைந்து, அழுகிய முட்டைக்கோசைப் போல நாறியது.

தண்ணீரின் தன்மை கடலோரத்துக்கே உரிய சிக்கல். கடலை ஒட்டிய தெருக்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உவர்ப்பாகிவிட்டது. இந்த மரம் தன் ஊரில் கடலோரப் பாறைகளின் மேல் உப்புக்காற்றில் நிற்பதுதானே, உப்பு என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். இலையின் மேல் படியும் உப்பை மழை கழுவிவிடும். திறந்த நிலத்தில் வேருக்குப் போகும் உப்பும் கீழே இறங்கிவிடும். பத்து லிட்டர் மண் கொண்ட தொட்டியில் ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் தங்கிக்கொண்டே வரும். தொட்டியின் வெளிப்புறத்தில் சுண்ணாம்பு பூசியதைப் போல வெள்ளைப் படலம் தெரிந்தால், அது இந்தச் சேமிப்பின் அடையாளம். அதைத் தொடர்ந்து கிளை நுனிகள் பழுப்பாகும்.

எல்லாவற்றையும்விடக் கேடானது, குடிநீர் சுத்திகரிக்கும் ஆர்ஓ இயந்திரத்தின் கழிவுக் குழாயில் வரும் தண்ணீர். வீணாகிறதே என்று அதைப் பிடித்துச் செடிக்கு ஊற்றும் பழக்கம் இப்போது பரவலாக இருக்கிறது. வடிகட்டிய உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் அது போதுமானது, தொட்டிச் செடிக்கு ஆகாது. இதற்கு மாறாக, ஏசி பெட்டியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு ஏறக்குறைய இல்லை என்பதால் வாளியில் பிடித்து ஆறவைத்து ஊற்றலாம். மழைத் தண்ணீருக்கு ஈடு எதுவும் இல்லை. கார்த்திகையில் இரண்டு மூடியிட்ட டிரம்களில் பிடித்து வைத்தால், ஒரே ஒரு மரத்துக்குப் பங்குனி வரை வரும். போர் தண்ணீரையே நம்பியிருப்பவர்கள் மாதம் ஒருமுறை தொட்டியைக் குளியலறைக்கு எடுத்துச் சென்று, தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிட்டால் தங்கிய உப்பில் பெரும்பகுதி கரைந்து இறங்கிவிடும்.

காலையும் மாலையும் இலைமேல் தெளிப்பானால் தண்ணீர் அடிக்கச் சொல்லும் அறிவுரை, உலர்ந்த குளிர்நாடுகளில் ஹீட்டர் போட்டு வாழ்பவர்களுக்கானது. நம் கடற்கரைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஏசி ஓடும் அறை மட்டும் விதிவிலக்கு; அந்தக் குளிர்காற்று நேரே படும் கிளைகள் ஒருபக்கமாகக் காய்ந்து வருவதைப் பல வீடுகளில் பார்க்கலாம். இரவெல்லாம் ஏசி ஓடும் படுக்கையறையில் இதை வைக்காமல் இருப்பதே நல்லது.

மண்ணும் தொட்டியும்

நர்சரியிலிருந்து வரும் கன்றின் வேர்ப்பந்து பெரும்பாலும் இறுகிய களிமண் கட்டியாக இருக்கும். அதைக் கண்டதும் உடைத்து மாற்றத் தோன்றும். பண்டிகை முடியட்டும், மழையும் விடட்டும். தை பிறந்த பிறகு, மாசி முடிவதற்குள் மாற்றுவதே சரியான பருவம். அதற்கு முன் வேர் ஈரத்தில் அழுகும், அதற்குப் பின் வெயில் முந்திக்கொள்ளும்.

கலவைக்குச் செம்மண் இரண்டு பங்கு, கரடுமுரடான மணல் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவுத் தூள் ஒரு பங்கு, நன்கு மக்கிய இலைமட்கு அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு போதுமானது. கடலூர் கேப்பர் மலைப் பகுதியும் ஆரோவில் மேட்டுப் பகுதியும் செம்மண் பூமி என்பதால், இங்கே நர்சரிகளில் மூட்டையாக நல்ல செம்மண் கிடைக்கும். ஆற்று மணல் கிடைக்காதவர்கள் செங்கல்லை உடைத்துச் சலித்துக் கடலைப்பருப்பு அளவுத் துண்டுகளைச் சேர்க்கலாம். கடல் இரண்டு தெரு தள்ளித்தானே இருக்கிறது என்று அங்கே போய் மணல் அள்ளி வருவது கூடாது. எத்தனை முறை கழுவினாலும் அந்த உப்பு மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கும்.

நார்க்கழிவுத் தூளிலும் உப்பு இருப்பதைப் பலர் அறிவதில்லை. செங்கல் போல அழுத்திய கட்டியை ஒரு வாளித் தண்ணீரில் போட்டால் அது ஊறிப் பொங்கி வாளியை நிறைக்கும். தண்ணீர் கடுந்தேநீர் நிறத்துக்கு மாறும். ஒரு வேட்டித் துணியில் கொட்டிப் பிழிந்து, மறுபடி நல்ல தண்ணீரில் ஊறவைத்து, மறுபடி பிழிய வேண்டும். மூன்றாவது பிழிவில் தண்ணீர் வெளிறிய வைக்கோல் நிறத்துக்கு வந்தால் கலவையில் சேர்க்கலாம்.

புதுத் தொட்டி பழையதைவிட இரண்டங்குலம் மட்டுமே அகலமாக இருக்கட்டும். வளரப்போகும் மரம் என்று முதலிலேயே பெருந்தொட்டியில் வைத்தால், வேர் எட்டாத மண்ணெல்லாம் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு புளித்துப்போகும். வில்லியனூர் சுடுமண் தொட்டிகள் நமக்கு அருகிலேயே கிடைப்பவை. அந்த ஊரின் சுடுமண் வேலைப்பாடு புவிசார் குறியீடு பெற்றது. மண்தொட்டி மூச்சுவிடும், கனமாகவும் இருக்கும். மேற்பகுதி கனத்து ஆடும் இந்த மரத்துக்கு அந்தக் கனம் தேவை. கோடையில் பிளாஸ்டிக் தொட்டியைவிட வேகமாகக் காயும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

மாற்றும்போது வேர்ப்பந்தை முழுவதும் உதறாமல், முதல் நாள் மாலை நன்றாக நனைத்து, வெளிப்புறக் களியை மட்டும் விரலால் மெல்லக் கரைத்து எடுக்க வேண்டும். தண்டு பழைய தொட்டியில் எந்த மட்டம் வரை மண்ணுக்குள் இருந்ததோ அதே மட்டத்தில் புதிய தொட்டியிலும் இருக்க வேண்டும்; ஆழமாகப் புதைத்தால் கழுத்துப்பகுதி அழுகும். அதன் பிறகு மூன்று நான்கு ஆண்டுகளுக்குத் தொட்டியை மாற்ற வேண்டிய அவசியமில்லை.

உரத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மாசி முதல் புரட்டாசி வரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போதும். மழை மாதங்களில் ஒன்றும் வேண்டாம். மெதுவாக வளர்கிறதே என்று யூரியா போட்டவர்களின் மரம் நீளுமேயொழிய நிறையாது.

வளர்ச்சியைக் கண்டறிவது

ஆண்டுக்கு ஐந்தாறு அங்குலம்தான் என்பதால், மரம் வளர்கிறதா இல்லையா என்ற ஐயம் எல்லோருக்கும் வரும். உச்சியைக் கூர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும். பல மாதங்கள் எந்த மாற்றமும் இல்லாமல் இருந்த நுனிக்குருத்தின் அடியில், ஒரு நாள் மொச்சைப் பயறு அளவுக்கு ஒரு புடைப்பு தோன்றும். சில நாட்களில் அது விரிந்து, பெரும்பாலும் ஐந்து சிறு முனைகள் நட்சத்திரம் போலப் பக்கவாட்டில் தலை நீட்டும். அவற்றின் நிறம் மற்ற கிளைகளின் கரும்பச்சையோடு சேராமல் இளம் பாசிப்பயறு முளையின் பச்சையாக இருக்கும். தொட்டால் பூனைக்குட்டியின் மயிரைப் போல மெத்தென்றிருக்கும். ஆனால் தொடக் கூடாது. விரல் பட்டு ஒரு முனை உதிர்ந்தால் அந்த அடுக்கு கடைசிவரை நான்கு கிளையோடுதான் நிற்கும். எங்கள் மரத்தில் ஏழாவது அடுக்கு அப்படி நான்கோடு நிற்கிறது. சன்னல் திரையை இழுத்தபோது நேர்ந்தது.

எல்லாக் கிளை இழப்பும் நோய் ஆகாது. ஆண்டுகள் செல்லச் செல்ல அடியிலுள்ள மூத்த அடுக்கு ஒன்று மெல்லப் பழுத்து உதிர்வது இயற்கை. ஒரே மாதத்தில் இரண்டு அடுக்கு பழுத்தாலோ, நடு அடுக்கு பழுத்தாலோதான் காரணம் தேட வேண்டும். நுனியிலிருந்து உள்நோக்கிப் பழுப்பேறி இலைகள் மொறுமொறுவென்று நொறுங்கினால் வறட்சியோ உப்போ காரணம். கிளை முழுவதும் மஞ்சளாகி, ஈரத்துணி போலத் துவண்டு தொங்கினால் வேர் அழுகல். எல்லா அடுக்கும் பச்சையாகவே இருந்து, ஆனால் மெலிந்து நீண்டு கீழ்நோக்கி வளைந்தால் வெளிச்சக் குறைவு. பழுப்பேறிய நுனியைக் கத்தரித்து அழகுபடுத்த முயல வேண்டாம். கத்தரித்த கிளை அத்துடன் நீள்வதை நிறுத்திவிடும். முழுவதும் காய்ந்த கிளையைத் தண்டையொட்டி வெட்டி எடுக்கலாம்.

பூச்சிகளில் மாவுப்பூச்சியே முதலில் வரும். கிளை தண்டோடு சேரும் இடுக்கில் பஞ்சுத் திரி போல வெண்மையாக ஒட்டியிருக்கும். அதற்கு முன்பே தொட்டியைச் சுற்றி எறும்பு ஊரத் தொடங்கினால் அதை எச்சரிக்கையாகக் கொள்ளலாம். தொடக்கத்தில் காது குடையும் பஞ்சுக் குச்சியை மருந்துக்கடை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொன்றாகத் தொட்டு எடுத்தாலே தீரும். பரவிவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தணிந்த பிறகு தெளிக்க வேண்டும்; முதலில் ஒரு கிளையில் மட்டும் தெளித்து இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பது நல்லது. பங்குனி, சித்திரையில் இலைகள் தூசு படிந்தாற்போல் சாம்பல் நிறமானால், கிளைக்கு அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டிப் பாருங்கள். தாளில் விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் அது சிலந்திப்பேன். குளியலறையில் வைத்து இலைகளின் அடிப்பக்கம் வரை நன்றாகக் கழுவி, ஐந்து நாளைக்கு ஒருமுறை அதையே செய்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். நாய், பூனை வளர்க்கும் வீட்டில் இந்த இலையை அவை மென்றால் வாந்தி வரலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பண்டிகையும் புயலும்

அலங்காரம் செய்வதற்கென்றே வாங்கிய மரத்தை அலங்கரிக்க வேண்டாம் என்று கூறுவது நியாயமில்லை. கிளை வளையாத எடைக்கு மேல் எதையும் தொங்கவிடாமல், சூடாகாத எல்இடி சரத்தை அடுக்குகளின் மேல் தளர்வாகப் படரவிட்டால் போதும். உச்சியில் நட்சத்திரத்தைக் கட்டுவதுதான் ஆபத்து; நுனிக்குருத்து அதன் கனத்தில் ஒடிந்துவிடும். தொட்டியில் ஒரு மூங்கில் குச்சியை நட்டு, மரத்துக்குப் பின்னால் அதன் முனையில் நட்சத்திரத்தைக் கட்டினால் பார்ப்பவர்களுக்கு வேறுபாடு தெரியாது. ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மரத்தைப் பழைய சன்னலுக்கே கொண்டுபோய்விட வேண்டும்.

புயல் எச்சரிக்கை வந்தால் சன்னலை விட்டு உள்ளே நகர்த்தி, தட்டை எடுத்துவிடுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரை கடந்த பிறகு பல நாட்கள் மின்சாரம் இல்லாமல் இருந்தது நம் பகுதியில் எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்படி ஒரு வாரம் இருட்டறையில் நின்றாலும் மரத்துக்கு ஒன்றும் ஆகாது, அந்த வாரத்தில் தண்ணீர் ஊற்றாமல் இருந்தால். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. எங்கள் மரம் மேசைமேல் ஏற்றிவைத்த தொட்டியில், பதினான்கு நாள் ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லாமல் பச்சையாகவே நின்றது.

கூரையைத் தொடும் நாள் ஒன்று வரும். உச்சியை வெட்டிக் குட்டையாக்க முடியாது. பக்கக் கிளையை வெட்டிப் பதியம் போட்டாலும், அது வேர்பிடித்தால்கூடப் படுக்கைவாட்டிலேயே வளருமே தவிர மரமாக நிமிராது. எனவே பத்தடி உயர அறையில், தொட்டியின் உயரத்தையும் கழித்துப் பார்த்தால், இரண்டடிக் கன்று பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் நிம்மதியாக நிற்கும். அதன் பிறகு இடமுள்ள யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். நிலத்தில் நடுவதென்றால் வீட்டுச் சுவரிலிருந்து இருபதடியாவது தள்ளி, மேலே மின்கம்பி இல்லாத இடமாக, மழை முடிந்த தை மாதத்தில் நட வேண்டும். வீட்டு நிழலில் வளர்ந்த மரம் என்பதால் முதல் கோடைக்கு மேற்குப் பக்கம் ஒரு தென்னங்கீற்றுத் தட்டி கட்டிக்கொடுக்க வேண்டும். எங்கள் மரத்துக்கு வானூர்ப் பக்கம் ஓர் உறவினரின் முந்திரித் தோப்பு ஓரத்தில் இடம் பேசி வைத்திருக்கிறோம். கூரைக்கு இன்னும் இரண்டடி இருக்கிறது.